அதிகத்தூரில் கோத்த வண்டிகள்: பழைய ஃபோர் பை ஃபோரை வீட்டில் பேணுவது எதுவரை?

திருவள்ளூரை அடுத்து, கடம்பத்தூர் பக்கம் இருக்கும் அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஒரு கார் ஆலை வைத்திருந்தது. 1998இல் மிட்சுபிஷி லான்சர் அங்கிருந்து வெளிவந்தது. 2002இல் பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் வந்தது. 2012இல் பஜேரோ ஸ்போர்ட். அப்புறம் சில காலம் இசுசுவின் எம்யூ-7, டி-மேக்ஸ் வண்டிகளும் ஒப்பந்தத்தின் பேரில் அங்கேயே கோக்கப்பட்டன. 2016இல் இசுசு, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எல்லைக்கு அப்பால் இருக்கும் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்துகொண்டது. மிட்சுபிஷி கார் விற்பனை இந்தியாவில் நின்றே போய்விட்டது. ஆனால் அதிகத்தூரில் கோத்த பஜேரோக்கள் இன்னும் ஓடுகின்றன. முதல் வண்டிகளுக்கு இருபது வயது கடந்துவிட்டது. நடத்திய நிறுவனம் விலகிப்போன பிறகு அந்த வண்டியை யார் பார்ப்பது, எவ்வளவு தூரம் வீட்டிலேயே பார்க்க முடியும் என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. மகிந்திரா ஜீப், மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. பதில் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

கேள்வியை இந்த வட்டாரத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தார்ச்சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளோடு திருவள்ளூருக்கு நெடுநாள் உறவு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கே மண்வாரி இயந்திரங்கள் செய்யத் தொடங்கியது 1970களின் தொடக்கத்தில். அந்தப் பிரிவு பிறகு கேட்டர்பில்லர் கைக்குப் போயிற்று. சுரங்கத்தில் மட்டும் ஓடுகிற பெரிய டம்ப்பர்கள் இன்றும் மேல்நல்லாத்தூரில் தயாராகின்றன. ஆவடியில் 1960களிலிருந்து பீரங்கி வண்டிகள். தேர்வாய் கண்டிகையில் மிஷலின் டயர் ஆலை. மணலியில் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் டீசலோடு இன்ஜின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயும் வடிக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் மின்தூண்டல் உலைகள் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக ஊற்றுகின்றன. ஒரு வண்டி பிறப்பது முதல் உருகுவது வரை எல்லாம் ஒரே வட்டாரத்துக்குள் நடக்கிற இடம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருக்கும்? காக்களூரிலும் அம்பத்தூரிலும் லேத்து, மில்லிங், கிரைண்டிங், வெப்பப் பதம் என்று எந்த வேலைக்கும் ஆள் உண்டு. பழைய வண்டிக்காரருக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது.

அப்படியிருந்தும் நல்ல வண்டிகள் புதர் மண்டிப்போய் நிற்கின்றன. ஏனென்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "ஸ்பேர் கிடைக்கலை சார்." பல வண்டிகளின் கதையை நிதானமாகக் கேட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. எது கெட்டது என்று சரியாகக் கண்டுபிடிக்காமல், ஒன்றன் பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றி, பணமும் பொறுமையும் தீர்ந்த பிறகுதான் அந்த வண்டிகள் ஓரங்கட்டப்பட்டிருக்கின்றன. வீட்டுப் பராமரிப்பின் முதல் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. தினம் ஓட்டுபவருக்குத்தான் வண்டியின் வழக்கமான சத்தம், வழக்கமான சூடு, நிறுத்திய இடத்தில் விழுகிற எண்ணெய்ச் சொட்டு எல்லாம் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேரம் பார்க்கும் ஆளுக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே சோதிப்பதும் கண்டுபிடிப்பதும் வீட்டில், அளவெடுத்துச் சீவுகிற வேலை வெளியே என்று கோடு போட்டுக்கொள்வதே சரி என்பது என் முடிவு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்டுபிடிக்கும் பொறுப்பை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, சிக்கனம் என்று எண்ணி ஹெட்டை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கழற்றுகிறார்கள்.

கோடு எங்கே விழும் என்பதை வண்டியின் அமைப்பே பெரும்பாலும் சொல்லிவிடும். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த சிஜே-3பி போன்ற வண்டிகள் போர்க்களத்தில் சிப்பாயே பழுதுபார்க்கட்டும் என்று வடிவமைத்தவை. முன்னும் பின்னும் கமான் பட்டை, முழு ஆக்சில், கையெட்டும் தூரத்தில் எல்லா நட்டும். பின்னால் வந்த எம்எம்540இல் பிரான்சின் பெஜோ நிறுவன உரிமத்தில் செய்த எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், மொத்தம் 2,112 சிசி. இது நீர் சூழ்ந்த லைனர் கொண்ட இன்ஜின். தேய்ந்த லைனரை உருவி எடுத்துவிட்டுப் புது லைனர், பிஸ்டன், ரிங் செட்டைப் போட்டால் பிளாக்கைப் போரிங் போடத் தேவையில்லை. இந்த ஒரு காரணத்தாலேயே நாற்பது வயது ஜீப்புகளை இன்னும் மலைத்தோட்டங்களில் பார்க்கிறோம்.

ஜீப்பில் வீட்டில் பார்க்க வேண்டியவை சிலவே. ஆனால் அவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கிராஸுக்கும் நழுவு இணைப்புக்கும் கிரீஸ் அடிப்பது முதல் வேலை. அடிக்கும்போது நான்கு மூடியிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மூடியில் வராவிட்டால் அந்தப் பக்கம் காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் கையைப் பிய்த்துக்கொண்டு ஆடினால் உடனே அலைன்மெண்ட் கடைக்கு ஓடுவது வழக்கம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் கிங்பின் பேரிங்கிலோ ஹப் பேரிங்கிலோ உள்ள தளர்வு கையிலேயே தெரிந்துவிடும். பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ளும்போது ஆட்டம் நின்றால் ஹப் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின். சிஜே-3பியில் கியர்பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போய்விடுவது பழைய குணம். ஒன்றில் குறைந்து மற்றொன்றில் ததும்பினால் வெளியே எங்கும் ஒழுகவில்லை என்று நிம்மதி அடையக் கூடாது. இரண்டையும் சேர்த்தே அளவு பார்க்க வேண்டும்.

1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்சி எடை குறைந்த பெட்ரோல் வண்டி. இதுவும் நான்கு பக்கமும் கமான் பட்டை. முதலில் 970 சிசி, 1990களின் நடுவில் 1,298 சிசி. ராணுவமும் காவல்துறையும் வாங்கிக் குவித்ததால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே கவலை வேறு திசையிலிருந்து வருகிறது. இப்போது பங்க்குகளில் ஊற்றுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் இந்தக் கலவைக்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழவேற்காடு, எண்ணூர் பக்கத்துக் கடற்காற்றில் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்கின் அடியில் நீர் பிரிந்து தங்கித் துரு பிடிக்கும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. தீப்பிடிக்கும் அபாயத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி பஜேரோ. ஜீப் வைத்திருந்தவர் பஜேரோவின் பானெட்டைத் திறந்தால் முதலில் மலைத்துப்போவார். எஸ்எஃப்எக்ஸின் 4எம்40 இன்ஜின் 2,835 சிசி, டர்போவும் இன்டர்கூலரும் உண்டு. ஆனாலும் உள்ளே இருப்பது எளிய தலைமுறை இயந்திரம்தான். டீசலைத் தள்ளும் பம்ப் இயந்திர வகை. டைமிங்குக்கு பெல்ட் இல்லை, செயின். பஜேரோ ஸ்போர்ட்டின் 2.5 லிட்டர் 4டி56 இன்ஜினில்தான் பெல்ட் வருகிறது. அதில் பெல்ட் அறுந்தால் வால்வும் ராக்கரும் சேர்ந்து போகும். வாங்கிய பழைய ஸ்போர்ட்டுக்கு பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால், மீட்டர் என்ன காட்டினாலும் மாற்றிவிடுவதே நல்லது. எஸ்எஃப்எக்ஸ் வைத்திருப்பவருக்கு அந்தப் பயம் இல்லை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது முன்புறம் சலசலவென்று சத்தம் வந்தால் செயினும் அதன் டென்ஷனரும் தேய்கின்றன என்று கேட்டுப் புரிந்துகொள்ளலாம்.

இந்த வண்டியில் அதிகம் பேரைக் குழப்புவது ஃபோர்வீல் டிரைவ் விளக்கு. மிட்சுபிஷி இதற்கு சூப்பர் செலக்ட் என்று பெயர் வைத்தது. 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி என்று நான்கு நிலைகள். ஜீப்பில் ஃபோர்வீல் போட்டுத் தார்ச்சாலையில் திரும்பினால் முன்பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழியின்றி ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். பஜேரோவில் நடுவே ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால் 4எச் நிலையில் மழை பெய்த நெடுஞ்சாலையிலும் தாராளமாகப் போகலாம். முன் ஆக்சிலைச் சேர்ப்பதும் விடுவிப்பதும் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு சிறு பொறி. அதற்கான வெற்றிடம் மெல்லிய ரப்பர் குழாய்களின் வழியே, இரண்டு சொலினாய்டுகளைத் தாண்டி வருகிறது. இருபது ஆண்டு வெயிலில் அந்த ரப்பர் வெடித்துப்போகிறது. வெற்றிடம் கசிந்தால் விளக்கு நிற்காமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு என்று சொல்லிப் பெட்டியையே இறக்கியவர்கள் உண்டு. குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றி முனையை விரலால் அடைத்து இழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ஸ்பானர்கூட வேண்டாம். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கும் வெற்றிடம்தான் பலம். ஆகவே மினுக்கும் விளக்கோடு பிரேக் மிதியும் கட்டையாக இருந்தால் குழாயைத் தாண்டி வெற்றிடப் பம்பையே சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது சூடு. பழைய டீசல் ஃபோர் பை ஃபோர்கள் இந்த வெயிலில் உயிரை விடுவது பெரும்பாலும் இதனால்தான். 4எம்40இன் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. ஒருமுறை கொதித்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து கேஸ்கட்டைப் பிழிந்துவிடும். ஹெட்டில் விரிசலும் விழலாம். ஏசி போட்டுக்கொண்டு ஜனப்பன்சத்திரம் பக்கம் லாரிகளுக்கு நடுவே மே மாத மதியத்தில் ஊர்ந்தால் முள் மேலே ஏறுகிறது. உடனே என்ன செய்கிறார்கள்? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள். தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிற இந்த வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறப்பது ஒன்று. நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை அடைப்பது மற்றொன்று. கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பங்கு குளிராமலே சுற்றும். வெறுமனே ஓடும்போது இன்ஜின் தேவைக்கு மேல் குளிர்ந்து டீசலைக் குடிக்கும், மேடேறும்போது கொதிக்கும்.

சரியான வரிசை எளியதில் தொடங்கும். முதலில் ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும். கிடைப்பதிலேயே மலிவான பாகம் இதுதான், கடைசியில் மாற்றுவதும் இதைத்தான். பிறகு ஃபேன் பெல்ட்டின் இறுக்கம். பிறகு ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையே அப்பிய செம்மண்ணும் பூச்சியும். குவாரிச் சாலையில் ஓடும் வண்டியில் இது கையளவு சேரும். பிறகு ஃபேன் நடுவிலுள்ள சிலிகான் கப்ளிங்: இன்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில் அணைத்துவிட்டு விசிறியைச் சுற்றிப் பார்த்தால் பிடிமானம் இருக்க வேண்டும், காற்றாடி போலச் சுழன்றால் கப்ளிங் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட். அதை அடுப்பில் வெந்நீரில் போட்டாலே திறக்கிறதா என்று தெரிந்துவிடும். வாட்டர் பம்ப் அதற்குப் பின். எல்லாம் சரியாக இருந்து, குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து கிளப்பினால் நீரில் ஓயாமல் குமிழி வருகிறதென்றால் அப்போதுதான் ஹெட் கேஸ்கட் பேச்சுக்கு வர வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தின் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது. பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை, ரேடியேட்டர் குழாயிலும் சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. கனிமம் நீக்கிய தண்ணீரில் பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றுவது குளிருக்காக என்று பலர் எண்ணுகிறார்கள். நமக்கு உறைபனி இல்லைதான். கூலண்ட் கொதிநிலையை உயர்த்தும், அலுமினியத்தை அரிக்காமல் காக்கும். அதற்காகவே அது வேண்டும்.

மழைக்காலம் இந்தப் பக்கத்தில் தனிக் கதை. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஓரத்து ஊர்களை என்ன செய்தன என்று இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உயரமான வண்டி என்ற தைரியத்தில் தண்ணீரில் இறக்குவோம். ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் சட்டென்று மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிலின் மேல் இருக்கும் அந்தச் சிறு மூச்சுத்துளையைத் துடைத்துத் திறந்துவைப்பது அக்டோபருக்கு முன் செய்ய வேண்டிய வேலை. நீரில் இறங்கி வந்த வாரத்திலேயே டிஃபரென்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். மோர் நிறத்தில் வந்தால் முழுவதையும் மாற்றியே தீர வேண்டும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும்.

கியர் ஆயிலைப் பற்றி ஒரு வரி: டிஃபரென்ஷியலுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஆயிலை மிச்சம் இருக்கிறதே என்று பழைய மேனுவல் கியர்பாக்ஸிலும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள கந்தகச் சேர்மம் சிங்க்ரோனைசரின் பித்தளையை அரிக்கும், அங்கே கேட்பது ஜிஎல்-4.

வெளியே கொடுக்க வேண்டியவை எவை? டீசல் பம்ப் கேலிபரேஷன், நாசில் அழுத்தச் சோதனை, ஹெட் சமதளம் பார்ப்பதும் விரிசல் சோதனையும், கிராங்க் கிரைண்டிங், டர்போ பாலன்ஸ், ஏசி கேஸ். இவற்றுக்கு வேண்டிய கருவி வீட்டில் இருக்காது. இருக்கவும் தேவையில்லை. ஆனால் கொடுக்கும் முறையில் வீட்டுக்காரருக்கு வேலை உண்டு. "ஹெட்டைச் சரி பண்ணிக் கொடுங்க" என்று கொடுத்துவிட்டு வராமல், எவ்வளவு வளைந்திருந்தது, எவ்வளவு சீவினார்கள், கிராங்க் ஜர்னல் எத்தனை அண்டர் சைஸ் என்று எழுதி வாங்கிவர வேண்டும். அந்தச் சீட்டு அடுத்த முறை பெருந்தொகையை மிச்சப்படுத்தும். அம்பத்தூரிலும் காக்களூரிலும் ஆலைகளுக்கு மைக்ரான் கணக்கில் வேலை செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்கள், அளவு கேட்டு வருபவரை மதிக்கிறார்கள். கிடைக்காத புஷ், ஸ்பேசர், பின் போன்றவற்றை மாதிரியைக் கொடுத்தே கடைந்து வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: ஸ்டீயரிங், பிரேக் பாகங்களை இப்படிச் செய்துகொள்ளக் கூடாது. உலோகத்தின் பதம் தெரியாமல் வடிவத்தை மட்டும் நகலெடுத்த பாகம் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

இனி ஸ்பேர் பிரச்சினை. இது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு எதிராக ஒரு தீர்ப்பு வழங்கியது. அசல் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் பழுதுபார்ப்புக் கையேடுகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தங்கள் டீலர்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றம். அபராதம் மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பதினான்கில் இந்துஸ்தான் மோட்டார்ஸும் ஒன்று. வழக்கு மேல்முறையீடுகளில் நீண்டது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவும் இணையவாசலும் அமைத்தபோது, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. டீலரை நம்பியே பாகமும் கையேடும் கிடைக்கும் ஏற்பாட்டில், டீலர் கடையை மூடினால் வண்டிக்காரர் நடுத்தெருவில் நிற்கிறார். பஜேரோக்காரர்கள் நின்றார்கள். என் பார்வையில் பாகத்தைவிடக் கையேடு மறைக்கப்பட்டதே பெரிய அநியாயம். ஒரு பேரிங்கை அளவு பார்த்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிவிடலாம். எத்தனை நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவது, எந்த வரிசையில் இறுக்குவது என்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பாகம் தேட வடசென்னைக்காரருக்குப் புதுப்பேட்டை தெரியும். கழற்றிய வண்டிகளின் கியர்பாக்ஸும் ஆக்சிலும் குவிந்திருக்கும் அந்தத் தெருக்களில் வாங்குபவர் மூன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் எண் செதுக்கிய இடம் சுரண்டப்படாமல் இருக்க வேண்டும், பில் வாங்க வேண்டும், பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பேரிங், சீல், பெல்ட் போன்றவற்றுக்கு வண்டிப் பெயரைச் சொல்லாமல் அதன்மேல் பொறித்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். அவை உலகப் பொது அளவுகள்.

கடலுக்கு அப்பால் இந்தக் கலையை வறுமையும் போரும் கற்றுக்கொடுத்தன. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கண்ணில் படாது. ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்களைச் சில துளி பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். இன்ஜின் கரி பிடிக்கும், பிளக்கைக் கழற்றித் துடைத்து மீண்டும் ஓட்டுவார்கள். வீட்டு முற்றமே ஒர்க்‌ஷாப்பாக இருந்தது. பிற்காலத்தில் 2020 தொடங்கி 2025 வரை இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திவைத்தபோது, ஏற்கெனவே ஓடிய வண்டிகளை ஓட்டிக் காப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மிட்சுபிஷி வண்டிகள் அங்கே நெடுநாளாக ஏராளம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகக் கடைகள் தெருத் தெருவாக நீள்கின்றன. நம் ஊர்ப் பஜேரோக்காரர்களில் சிலர் பாகம் தேடி வளைகுடா வரைக்கும் கேட்டு எழுதுகிறார்கள். இரவுக்கப்பல் தூரத்திலுள்ள தமிழ் மெக்கானிக்குகளின் அனுபவத்தை நாம் போதுமான அளவு கேட்டுப் பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

டீசலைப் பற்றிய ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து பிபிஎம்முக்குள். கந்தகம் போனால் வழவழப்பும் போய்ப் பழைய பம்ப் தேய்ந்துவிடும் என்று டேங்கில் டூ-டி ஆயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டீசலுக்கு வழவழப்பின் அளவும் தரவிதியில் உண்டு, சுத்திகரிப்பு ஆலையிலேயே அதற்கான சேர்மம் கலக்கிறார்கள். பம்பில் கசிவு வந்தால் காய்ந்துபோன பழைய சீல்களை மாற்ற வேண்டும். டேங்கில் எதை ஊற்றினாலும் அவை மீளாது. டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை மாதம் ஒருமுறை திறந்துவிடுவது இந்த எல்லா மருந்துகளைவிடவும் பம்புக்கு நல்லது.

வண்டிக்கு அடியில் போகிறவரின் உயிர் பற்றியும் பேச வேண்டும். ஏறக்குறைய இரண்டு டன் எடையை ஜாக்கி தூக்கத்தான் செய்யும், தாங்காது. கெட்டித் தரையில் ஆக்சில் ஸ்டாண்டு வைத்து, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துவதை இன்றும் பார்க்கிறேன். செங்கல் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். பஜேரோ எஸ்எஃப்எக்ஸின் முன்புறம் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி இருக்கிறது. அதன் போல்ட்டைச் சுமையோடு கழற்றுவது ஆபத்து, அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே சரி.

கழற்றிய ஆயில் எங்கே போகிறது? கரையானுக்கு மரத்தடியிலும் வேலிக்காலிலும் ஊற்றுவது வழக்கமாக இருக்கிறது. ஏற்கெனவே ஆலைக்கழிவால் அவதிப்படும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நிலத்தடி நீருக்கு நாமும் ஒரு பங்கு சேர்க்கக் கூடாது. பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு என்று 2016 விதிகள் சொல்கின்றன. பழைய கேனிலேயே ஊற்றி, கூலண்டோ பெட்ரோலோ கலக்காமல், ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தால் அது மீண்டும் சுத்திகரிக்கப்படும். பழைய பேட்டரியைப் புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் தள்ளுபடி வாங்கிக்கொள்ளலாம். ஈயம் கண்ட இடத்தில் உருக்கப்படாமல் இருக்க அதுவே வழி.

கடைசியாகச் சட்டம். டெல்லி வட்டாரத்தில் பத்து வயது டீசல் வண்டிக்குத் தடை வந்த செய்தியைக் கேட்டுப் பயந்து, இங்கே நல்ல வண்டியைக் கிலோக் கணக்கில் போட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்கு அப்படி வயதுத் தடை இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அரசு வண்டிகளுக்கு மட்டும் 2023 ஏப்ரலிலிருந்து பதினைந்து ஆண்டோடு பதிவு முடிகிறது. புதுப்பிப்புக் கட்டணம் 2022இல் ஐயாயிரம் ரூபாயாக ஏறியது. 2025 ஆகஸ்டில் இருபது வயது கடந்த கார்களுக்கு அது பத்தாயிரமானது. இருபது ஆண்டு ஒழுங்காகப் பேணிய ஒருவரிடம், புகைச் சோதனையில் தேறிய வண்டிக்கும் வயதை மட்டும் பார்த்து இரட்டிப்பாக வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாசு தரும் வண்டியைப் பிடிக்க மாசை அளந்தால் போதும்.

வண்டியை மாற்றியமைப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை வடிவத்திலிருந்து மாறக் கூடாது. ஜீப்புக்கு வேறு இன்ஜின், பெரிய டயர், வெட்டிய கூரை எல்லாம் புதுப்பிக்கப் போகும் நாளில் முன்னால் வந்து நிற்கும். அதே வகை இன்ஜினை மாற்றினாலும் புதிய எண்ணை ஆர்சியில் ஏற்றிக்கொண்டுவிட வேண்டும். 2002இல் பதிவான பஜேரோ 2017இலும் 2022இலும் புதுப்பித்திருக்கும், அடுத்து 2027இல் போக வேண்டும். அங்கே ஆய்வாளர் முதலில் தேடுவது சேஸிஸில் பொறித்த எண். சக்கரம் வாரியடிக்கும் சேற்றிலும் உப்புக் காற்றிலும் முதலில் செதிலாகிப் போகிற இடங்களில் சேஸிஸும் ஒன்று. எண் இருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல், மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்து, காய்ந்ததும் நிறமில்லாத வார்னிஷோ கிரீஸோ பூசி, ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்த பின் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ள வேண்டும்.